பிள்ளை மனம் கல்லுதானா?

சோழவந்தானில் எங்கள் அப்பத்தா வீட்டுத் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவறாமல் கேட்கும் வரி ஒன்று உண்டு. "பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு." சொல்வது அப்பத்தா. வாங்கிக்கொள்வது என் அப்பா.

அப்பா வாரம் ஆறு நாளும் மதுரையில் வேலை பார்ப்பார். ஏழாவது நாள் காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, மாத்திரை, தைலம், ரொட்டி என்று ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு போய் இறங்குவார். பல் விழுந்துவிட்டது, வெற்றிலையை மெல்ல முடியவில்லை என்று அப்பத்தா சொன்ன அடுத்த வாரமே இடிப்பதற்குச் சின்ன உரல் ஒன்று வந்து சேர்ந்தது. அப்படிப்பட்டவர் கிளம்பும்போதுதான் அந்த வரி வரும். அப்பா பதில் சொல்லமாட்டார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வருவார். எனக்கு அப்போது பத்து வயது. இவர் எப்படிக் கல் ஆவார் என்று எனக்கு விளங்கவே இல்லை.

இன்றைக்கு நான் ஐம்பதைத் தாண்டிவிட்டேன். அம்மா என்னோடு திருநகரில் இருக்கிறாள். கல்லூரியில் சமூகப்பணி பாடம் எடுக்கிறேன். அந்தத் திண்ணைப் பழமொழிக்குள் இருக்கும் கேள்வியை ஐம்பது வருஷத்துக்கும் மேலாக ஆட்கள் ஆராய்ந்து வந்திருக்கிறார்கள் என்பதே பாடம் எடுக்கப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதில் கிடைத்த ஒரு கருத்தை இங்கே எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன். ஒரே ஆள் மேல் அன்பும் எரிச்சலும் ஒன்றாக இருப்பது பற்றியது அது. அதை இருமனம் என்று சொல்லலாம். ஆனால் நேராக அங்கே போய்விட முடியாது. வழியில் வேறு இரண்டு விஷயங்களைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

ஒரே உறவு, இரண்டு கணக்கு

1960களின் கடைசியில் அமெரிக்கா முழுக்க ஒரே பேச்சு: இளைய தலைமுறைக்கும் பெற்றோருக்கும் நடுவே பெரிய பள்ளம் விழுந்துவிட்டது என்று. அந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று பார்க்கப்போன ஆய்வாளர்களில் இரண்டு பேர் வெர்ன் பெங்ட்சன், ஜோசப் கைப்பர்ஸ். 1971-ல் வந்த அவர்களுடைய கட்டுரை ஒரு விசித்திரத்தைச் சொன்னது. பள்ளத்தின் ஆழம், கேட்கப்படும் ஆளைப் பொறுத்து மாறுகிறது. பெற்றோரைக் கேட்டால் "அப்படியொன்றும் பெரிய விலகல் இல்லை, நாங்கள் நெருக்கம்தான்" என்கிறார்கள். பிள்ளைகளைக் கேட்டால் இடைவெளியைக் கூட்டிச் சொல்கிறார்கள். ஒரே வீடு, ஒரே உறவு.

இதற்கு அவர்கள் சொன்ன காரணம் எளிமையானது. உறவில் யார் எவ்வளவு முதல் போட்டிருக்கிறார்களோ, அதைப் பொறுத்துத்தான் அது அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது. அப்பா அம்மா இருபது முப்பது வருஷ உழைப்பையும் தூக்கத்தையும் நகையையும் அதில் போட்டவர்கள். தாங்கள் போன பிறகும் தங்களுடையது ஏதாவது தொடர வேண்டும் என்றால் அது இந்தப் பிள்ளை வழியாகத்தான் தொடர முடியும். அதனால் நெருக்கத்தைப் பெரிதாகப் பார்ப்பதில் அவர்களுக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது. பிள்ளைக்கு வேலை வேறு. தான் ஒரு தனி ஆள் என்று நிலைநாட்டிக்கொள்ள வேண்டும். அதற்குக் கொஞ்சம் விலகி நின்றாக வேண்டியிருக்கிறது. இதற்குப் பிற்பாடு தலைமுறைப் பங்கு என்று பெயர் வைத்தார்கள். அதன் பிறகு வந்த பல ஆய்வுகளிலும் இதே போக்கு தெரிந்தது. நெருக்கத்துக்குப் பெற்றோர் கொடுக்கும் மதிப்பெண் பிள்ளைகள் கொடுப்பதைவிடக் கூடுதலாகவே இருந்தது.

இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பஸ் ஜன்னல்தான் ஞாபகம் வந்தது. பித்து, கல் என்று அப்பத்தா சொன்னது இந்த வித்தியாசத்தைத்தான். அவள் கவனித்தது சரி. காரணம் சொன்னதில்தான் தவறிவிட்டாள். அதைப் பிள்ளையின் குணமாகப் பார்த்தாள். ஆய்வாளர்கள் அதை நிற்கும் இடமாகப் பார்த்தார்கள். என் அப்பாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சோழவந்தான் திண்ணையில் அவர் பிள்ளை, அதனால் கல். அன்றைக்கு ராத்திரி மதுரையில் எனக்குக் காய்ச்சல் என்றால் விடிய விடிய உட்கார்ந்து ஈரத்துணி போடுவார். அங்கே அவர் பெற்றவர், அதனால் பித்து. ஆள் ஒருவர்தான். இடம்தான் மாறுகிறது.

ஆறு இழைகள்

பெங்ட்சன் அதோடு நிற்கவில்லை. 1971-லேயே தெற்குக் கலிபோர்னியாவில் தாத்தா பாட்டி, பெற்றோர், பேரப்பிள்ளைகள் என்று மூன்று தலைமுறையும் உள்ள குடும்பங்களைச் சேர்த்து ஓர் ஆய்வைத் தொடங்கினார். அதே குடும்பங்களிடம் பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டார்கள். அதிலிருந்து வளர்ந்த கருத்து, குடும்ப ஒட்டுறவு என்பது ஒரே கயிறு கிடையாது, ஆறு இழை என்பது.

எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பது ஒரு இழை. எத்தனை தடவை பார்க்கிறோம், பேசுகிறோம் என்பது இன்னொன்று. பாசம் மூன்றாவது. சாமி, சாதி, கல்யாணம், பணம் இவற்றில் கருத்து ஒத்துப்போகிறதா என்பது நான்காவது. யார் யாருக்கு என்ன உதவி செய்கிறார்கள் என்பது ஐந்தாவது. "செய்யத்தான் வேண்டும்" என்ற கடமை உணர்ச்சி ஆறாவது.

இப்படிப் பிரித்துப் பார்ப்பதில் என்ன லாபம்? இந்த ஆறும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதில்லை என்பது தெரியவரும். துபாயில் இருக்கும் மகன் மாசாமாசம் பணம் அனுப்புகிறான், போன் மட்டும் பண்ணமாட்டான். அடுத்த தெருவில் இருக்கும் மகள் தினமும் குழம்பு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கொடுத்த கையோடு சண்டையும் போட்டுவிட்டுப் போகிறாள். இவர்களில் யாருக்குப் பாசம் அதிகம் என்று தெருவில் பட்டிமன்றமே நடக்கும். கேள்வியே சரியில்லை. அவரவரிடம் வெவ்வேறு இழை அழுத்தமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

1997-ல் மெரில் சில்வர்ஸ்டைனும் பெங்ட்சனும் இந்த இழைகளை வைத்து அமெரிக்கக் குடும்பங்களை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். எல்லாமே இறுக்கமாக இருப்பது ஒரு வகை, எல்லாமே அறுந்துபோனது ஒரு வகை. நடுவில் இருப்பவைதான் யோசிக்க வைக்கின்றன. பாசம் நிறைய இருந்தும் போக்குவரத்து குறைந்த குடும்பம் ஒன்று. பக்கத்திலேயே இருந்து வந்து போய்க்கொண்டிருந்தும் மனசு ஒட்டாமல் கடமைக்காக ஓடும் குடும்பம் இன்னொன்று. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ஊரிலிருந்து வந்து ஒரே வீட்டில் பாய் விரித்துப் படுக்கும் இருபது பேரை நினைத்துப் பாருங்கள். அதில் இத்தனை வகையும் இருக்கும்.

தூரம் என்ற இழையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சேர்ந்து இருந்தால்தான் பாசம் என்று நாம் நினைக்கிறோம். 1960களில் வியன்னாவில் வயதானவர்களிடம் பேசிய லியோபோல்ட் ரோசன்மயர், எவா கொக்கைஸ் என்ற ஆய்வாளர்கள், அவர்களில் பலர் பிள்ளைகளோடு ஒரே வீட்டில் இருக்க விரும்பவில்லை, ஆனால் பக்கத்தில் இருக்க விரும்புகிறார்கள் என்று கண்டார்கள். தள்ளி இருந்து நெருக்கமாக இருப்பது. இதைக் கேட்டால் மேலைநாட்டுப் பழக்கம் என்று தோன்றலாம். ஆனால் ஒரே வாசலுக்குள் பல வீடு இருக்கும் மதுரையின் பழைய வளவுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. முன் வீட்டில் மகன் குடும்பம், பின் வீட்டில் தனி அடுப்பில் சோறு பொங்கிக்கொள்ளும் ஆத்தா. "கை கால் ஓடுற வரைக்கும் நானே பொங்கிக்கிறேன்" என்பாள். நல்ல குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் முன் வீட்டுக்குப் போகும், ஒரு கிண்ணம் பின் வீட்டுக்கு வரும். அதைப் பார்த்து "மகன் கைவிட்டுவிட்டான்" என்று சொல்கிறவர்கள் அவளைக் கேட்காமலே சொல்கிறார்கள்.

இரண்டும் உண்மை

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்து மூன்று வருஷம் ஆகிறது. குளிப்பாட்டுவது, மாற்றிவிடுவது, ஊட்டுவது எல்லாம் இவள்தான். ஒருநாள் குப்பை வண்டிக்காகக் காத்துக்கொண்டிருந்த நேரத்தில் என்னிடம் சொன்னாள்.

"நேத்து அத்தையக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கையில, இது சீக்கிரம் போயிட்டாத்தான் என்னன்னு ஒரு நிமிஷம் நெனச்சுப்புட்டேன்க்கா. அப்புறம் அவங்களுக்குப் பிடிக்குமேன்னு பருப்பு கடைஞ்சு நெய்ய விட்டு ஊட்டுனேன். நான் என்ன மனுசிக்கா?"

இந்தக் கேள்விக்குப் பெங்ட்சனின் ஆறு இழைகளில் பதில் இல்லை. பாசம் என்ற இழையில் இவளுக்கு எத்தனை மதிப்பெண் போடுவது? நெய் விட்டு ஊட்டியதற்கு நிறையப் போட்டால் அந்த ஒரு நிமிஷத்தை என்ன செய்வது? இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி "நடுத்தரம்" என்று போட்டால் அது சுத்தப் பொய்.

1998-ல் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கர்ட் லூஷரும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் பில்லெமரும் இந்த இடத்தில்தான் கை வைத்தார்கள். வயதான பெற்றோருக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் உள்ள உறவை ஆராய்கிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துகிடக்கிறார்கள் என்றார்கள். ஒரு கட்சி ஒட்டுறவையே பார்க்கிறது, இன்னொரு கட்சி சண்டையையும் சுமையையும் மட்டுமே பார்க்கிறது. நிஜக் குடும்பத்தில் இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே ஆளிடம், ஒரே ஆள் மேல் இருக்கிறது. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட சொல் ஆம்பிவலன்ஸ். 1910-ல் ஆய்கன் ப்ளாய்லர் என்ற சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் உண்டாக்கிய சொல் அது. லத்தீன் வேர்களைப் பிரித்துப் பார்த்தால் "இரண்டு பக்கமும் வலு" என்று வரும். இருமனம் என்று நான் சொல்வது இதைத்தான்.

தமிழில் இருமனம் என்றால் முடிவெடுக்கத் தெரியாதவர் என்ற வாடை கொஞ்சம் அடிக்கிறது. அந்த அர்த்தம் இங்கே வேண்டாம். போகலாமா வேண்டாமா என்ற தயக்கம் வேறு. பிடிக்கவும் இல்லை, வெறுக்கவும் இல்லை என்ற மந்தமும் வேறு. இங்கே அன்பும் முழு வேகத்தில் இழுக்கிறது, சலிப்பும் முழு வேகத்தில் இழுக்கிறது. "மனசு ரெண்டு பக்கமும் இழுக்குது" என்று நம் ஆட்கள் சொல்வது இதற்கு அருகில் வருகிறது.

இதை அளப்பதற்கு ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் பார்த்தால் கருத்து இன்னும் தெளிவாகும். அன்பைத் தனியாகக் கேட்கிறார்கள், எரிச்சலைத் தனியாகக் கேட்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். இரண்டின் சராசரியை எடுத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அதிலிருந்து கழித்தால் இருமனத்தின் அளவு. எங்கள் தெருப் பெண் அன்புக்கு 5, எரிச்சலுக்கு 5 என்று சொன்னால் சராசரி 5, வித்தியாசம் 0, விடை 5. அன்பு 5, எரிச்சல் 1 என்றால் சராசரி 3, வித்தியாசம் 4, விடை பூஜ்யத்துக்கும் 1 கீழே, அதாவது கழித்தல் 1. இரண்டுமே 1 என்று சொல்லும் ஒரு தூரத்துச் சொந்தக்காரருக்கு விடை 1. ஆக, இரண்டு பக்கமும் சமமாக இழுக்க வேண்டும், பலமாகவும் இழுக்க வேண்டும். அப்போதுதான் எண் ஏறும். இருமனம் அதிகமாக இருப்பது, அந்த உறவு அந்த ஆளுக்கு முக்கியம் என்பதற்கும் அடையாளம். அக்கறையே இல்லாதவருக்கு இந்தக் கணக்கில் எண் ஏறவே ஏறாது.

இதை அவளிடம் சொன்னபோது கணக்கை அவள் கவனிக்கவில்லை. "அப்ப எரிச்சலத் தனியாவே கேப்பாகளா? அதுக்குன்னு ஒரு கேள்வி இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்றேன்.

இழுப்பது யார்?

இது வரைக்கும் சொன்னது மனசுக்குள் நடப்பது. லூஷரும் பில்லெமரும் இன்னொரு பக்கத்தையும் வைத்தார்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயம். மனசு இரண்டாக இழுபடுவதற்கு முன்பே, ஊர் நம்மை இரண்டாக இழுத்துவிடுகிறது. 1963-லேயே ராபர்ட் மெர்ட்டனும் எலினோர் பார்பரும் இதைச் சொல்லியிருந்தார்கள். ஒரே இடத்தில் நிற்கும் ஆளிடம் சமூகம் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு காரியங்களைக் கேட்கிறது. நோயாளியிடம் பரிவாகவும் இரு, ஒட்டாமலும் இரு என்று மருத்துவரிடம் கேட்பது போல.

நம் வீடுகளில் இதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. "கட்டிக்கொடுத்துட்டா பொண்ணு அடுத்த வீட்டுச் சொத்து" என்று சொன்ன அதே வாய், "கடைசிக் காலத்துல ஒரு வாய் தண்ணி குடுக்கப் பொம்பளப் புள்ள வேணும்" என்றும் சொல்லும். "வெளிநாடு போய்ச் சம்பாதிச்சாத்தாண்டா மரியாதை" என்று இருக்கிற நகையை அடகு வைத்து மகனை சிங்கப்பூர் அனுப்பிய அம்மாவேதான், "விட்டுட்டுப் போயிட்டானே" என்று அழுகிறவளும். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு இரண்டும் வேண்டும். மகனுக்கும் இரண்டும் வேண்டும். இரண்டையும் ஒருசேரக் கொடுக்கிற ஏற்பாடுதான் இல்லை. மருமகள் வேலைக்கும் போக வேண்டும், மாமியாரையும் பார்க்க வேண்டும். அவள் வேலைக்குப் போகும் நேரத்தில் மாமியாரை யார் பார்ப்பது என்று கேட்டால் எல்லோரும் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

2002-ல் இங்க்ரிட் கானிடிஸ், ஜூலி மெக்முல்லின் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் இதை இன்னும் கூர்மையாக்கினார்கள். இந்த இழுபறி எல்லோருக்கும் ஒரே அளவில் விழுவதில்லை. மறுத்துப் பேச வலு இல்லாதவர் மேல் அதிகம் விழுகிறது. பராமரிப்பு பெண்ணின் வேலை என்று இருக்கும் இடத்தில் பெண்கள்தான் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. எங்கள் தெருப் பெண்ணின் வீட்டுக்காரருக்கு அந்த ஒரு நிமிஷ நினைப்பு வந்ததே இல்லை. அவர் நல்லவர் என்பதால் இருக்கலாம். அவர் ஒரு தடவைகூடக் குளிப்பாட்டியதில்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

பெற்றவர்களுக்கும் இருமனம் உண்டு. இதை நாம் பேசுவதே இல்லை. பெற்ற மனம் முழுக்கப் பித்து என்று பழமொழி முத்திரை குத்திவிட்டது. பில்லெமரும் ஜில் சூட்டரும் வயதான தாய்மார்களிடம் பேசியபோது, பிள்ளைகள் எல்லோர் மேலும் அவர்களுக்கு ஒரே மாதிரி மனம் இல்லை என்று தெரிந்தது. கல்யாணம், வேலை என்று தன் காலில் நிற்காத பிள்ளை மேல் அவர்களுக்கு இழுபறி கூடுதலாக இருந்தது. நாற்பது வயது மகன் பெற்றவளின் பென்ஷனை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் வீட்டில், சோற்றைப் போட்டு வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் நகர்ந்துபோகும் அம்மாவை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இது இப்போது பெரிதாகத் தெரிவதற்கு ஆயுள் கூடியதும் ஒரு காரணம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். 2031-ல் அது 18.2 சதவீதம் ஆகும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். நூறு பேரில் பத்தாக இருந்தது பதினெட்டாகிறது என்பது ஒருபக்கம். மறுபக்கம், ஒருவர் இன்னொருவருக்குப் பிள்ளையாக இருக்கும் காலமே நீண்டுவிட்டது. பேரன் எடுத்த பிறகும், தனக்கே மூட்டுவலி வந்த பிறகும், அறுபத்தைந்து வயதில் ஒருத்தி எண்பத்தெட்டு வயது அம்மாவுக்குப் பிள்ளையாக இருக்கிறாள். நம் பழமொழிகள் உண்டான காலத்தில் இப்படி ஒரு நிலைமை அபூர்வம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடிப்பது, பட்டினி போடுவது, சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு துரத்துவது இதெல்லாம் இருமனம் கிடையாது. அது கொடுமை. அதற்கு 14567 என்ற மூத்த குடிமக்கள் உதவி எண் இருக்கிறது. 2007-ல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. வருவாய் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லிப் பிள்ளைகளுக்கு உத்தரவிட முடியும். பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு எழுதி வாங்கிய சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்யவும் வழி உண்டு. அந்தச் சட்டம் தேவை. ஆனால் ஆறு இழையில் அது தொடக்கூடியது உதவி என்ற ஒரே இழையைத்தான். வாரம் ஒரு தடவை வந்து பக்கத்தில் உட்கார் என்று எந்தக் கோட்டாட்சியரும் உத்தரவு போட முடியாது.

"பார்த்துக்கிறது" என்ற சொல்

இந்த இழுபறியைக் குறைக்க வழி உண்டா? இருமனத்தை ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் வேண்டியதில்லை. ஆனால் ஊர் இழுக்கும் இழுப்பைக் குறைக்க முடியும். 1980-ல் ஸ்டீவன் ஜாரிட்டும் கூட்டாளிகளும் மறதி நோய் வந்த 29 முதியவர்களையும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களையும் வைத்துச் சுமையை அளந்தார்கள். நோயாளி எவ்வளவு தொந்தரவு செய்கிறாரோ அவ்வளவு சுமை என்றுதான் யாரும் நினைப்போம். அவர்களுக்குக் கிடைத்த முடிவு வேறு மாதிரி இருந்தது. மற்ற சொந்தக்காரர்கள் எத்தனை தடவை வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்பதோடுதான் சுமை சேர்ந்து போனது. வருகிறவர்கள் அதிகம் என்றால் சுமை குறைவு. அது சின்ன ஆய்வு. பிற்பாடு வந்த பெரிய ஆய்வுகள் நோயாளியின் நடத்தையும் சுமையைக் கூட்டுகிறது என்று காட்டின. இருந்தாலும் அந்த முதல் முடிவை நான் வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் சொல்கிறேன். சென்னையில் இருக்கும் அண்ணன், "நான் வந்து என்ன செய்யப்போறேன், எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்வதற்கு அதில் பதில் இருக்கிறது. வந்து ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாலும் அது கணக்கில் சேரும். ஆனால் ஒன்று, வந்த இடத்தில் "ஏன் அம்மா இளைச்சுட்டாக?" என்று கேட்டு வைத்தால் வராமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிடும். உதவி கேட்டதற்கு ஆஜராகும் ஆளும், மேற்பார்வை பார்க்க வரும் ஆளும் ஒன்றில்லை.

அப்புறம், "அம்மாவை அவ பார்த்துக்கிறா" என்று நாம் சொல்லும் அந்த ஒற்றைச் சொல்லை உடைக்க வேண்டும். முதியவர்களின் உடல்நிலையைக் கணிக்கும் இரண்டு பட்டியல்கள் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கின்றன. 1963-ல் சிட்னி கேட்ஸ் குழு தந்தது ஆறு காரியம்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, படுக்கையிலிருந்து எழுந்து மாறுவது, மலம் சிறுநீரை அடக்குவது, தானே சாப்பிடுவது. 1969-ல் லாட்டனும் எலைன் பிராடியும் தந்தது எட்டு: போன் பேசுவது, கடைக்குப் போவது, சமைப்பது, வீட்டைப் பார்ப்பது, துணி துவைப்பது, வெளியே போய் வருவது, மருந்து எடுப்பது, பணத்தைக் கவனிப்பது. முதியவரால் இதில் எதைத் தானே செய்ய முடிகிறது என்று பார்க்க உண்டானவை இவை. நான் இவற்றை அண்ணன் தம்பி நடுவே வேலை பிரிக்கவும் பயன்படுத்தச் சொல்கிறேன். முதல் ஆறுக்குப் பக்கத்தில் ஒரு ஆளின் கை வேண்டும். எட்டில் பாதி, பெங்களூரில் உட்கார்ந்துகொண்டும் செய்யக்கூடியது. மாத்திரை தீரும் தேதி பார்த்து வாங்கி அனுப்புவது, கரண்டு பில் கட்டுவது, பேங்க் வேலை, டாக்டரிடம் நாள் வாங்குவது, ஆஸ்பத்திரி போக வண்டி ஏற்பாடு செய்வது. இதையெல்லாம் தூரத்துப் பிள்ளை முழுசாக எடுத்துக்கொண்டால் பக்கத்தில் இருப்பவளுக்கு அந்த ஆறும், எட்டில் மிச்சப் பாதியும்தான் மிஞ்சும். அவளுக்கு வெளியிலிருந்தும் கொஞ்சம் கை கிடைக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை மருத்துவமும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம். எங்கள் தெருப் பெண்ணுக்கு இது தெரியாமலே இரண்டு வருஷம் போயிருந்தது.

கடைசியாக ஒன்று, என் வீட்டுக் கதை. வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம், வீட்டில் கேட்டுப் பார்த்தால் என்ன என்று போன மாதம் அம்மாவிடம் இரண்டு கேள்வியையும் தனித்தனியாகக் கேட்டேன். என்னோடு இருப்பதில் என்ன பிடித்திருக்கிறது? எது எரிச்சலாக இருக்கிறது? முதல் கேள்விக்கு உடனே பதில் வந்தது, அது என்னோடு இருக்கட்டும். இரண்டாவது கேள்விக்கு அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பூக்கட்டிக்கொண்டிருந்தாள். நாரை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டுச் சொன்னாள்.

"நான் தேச்சு வச்ச பாத்திரத்த, நான் தூங்குனப்பெறகு நீ எடுத்து மறுபடி தேய்க்கிற. எனக்குச் சத்தம் கேக்குது."

ஒரு வருஷமாக அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். பாத்திரத்தில் பருக்கை ஒட்டியிருக்கும், அம்மா மனசு நோகக்கூடாது என்று ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தமில்லாமல் தேய்ப்பதாக நினைத்திருந்தேன். எனக்கும் அதில் எரிச்சல் உண்டு, அவளுக்கும் உண்டு, இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் அதை மறைத்து வைத்திருந்தோம். ஏன் பருக்கை ஒட்டியிருக்கிறது என்று மட்டும் நான் யோசிக்கவில்லை. கண்ணைக் காட்டினோம். வலது கண்ணில் புரை நன்றாக முற்றியிருக்கிறது என்றார் டாக்டர். அடுத்த மாதம் அறுவை சிகிச்சைக்கு நாள் வாங்கியிருக்கிறோம். நாள் வாங்கியது, வண்டி சொன்னது எல்லாம் கோயம்புத்தூரில் இருக்கும் தம்பி. ஒரு வாரம் லீவு போட்டு வருகிறான். சொட்டு மருந்து விடுவது அவன் வேலை என்று அம்மாவே சொல்லிவிட்டாள்.